கப்பலும் போத்தலும்: தடைப்பட்டியல் பற்றிய ஒரு முன்னோடி ஆய்வு

காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு 2023 ஜூன் 16ஆம் திகதி 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் வந்து சேர்ந்தது. எங்களுக்குத்தான் அது புதிது. 1990இல் றோயல் கரீபியன் கம்பனிக்காகப் பிரான்சில் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டு, கைமாறிப் பேர்மாறி, கடைசியில் இந்தியாவின் கோர்டேலியா நிறுவனத்திடம் வந்த கப்பல் அது. சென்னையிலிருந்து புறப்பட்டு இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றிக் காட்டும் சேவையில் அதை ஓட விட்டார்கள். அன்றைய தினமே காங்கேசன்துறையில் புதிய பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது. சுற்றுலா வருமானம் பற்றியும் வடக்கின் எதிர்காலம் பற்றியும் பெரியவர்கள் பேசினார்கள். அந்தப் பயணிகளின் பெட்டிகளுக்குள் போத்தல் இருந்ததா, இருந்தால் அது எந்த வழியாக உள்ளே போனது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஈழத்து ஆய்வுலகில் இது பெரிய வெற்றிடம். அதை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: பனை, தென்னை, திராட்சை, தானியம் ஆகியவற்றிலிருந்து இறங்குவன யாவும். ஆய்வுமுறை: கேட்டறிதல், முகர்ந்தறிதல், குலுக்கியறிதல்.

முதலில் முன்னோர் கூற்று. கப்பலில் எதை ஏற்றக்கூடாது என்று தமிழில் முதலில் விதி சொன்னவர் தொல்காப்பியர். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறார். உரையாசிரியர்கள் இதற்கு எவ்வளவோ விளக்கம் எழுதியிருக்கிறார்கள். போத்தலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆக, தொல்காப்பியர் காலத்தில் மனைவியைக் கரையில் விட்டுவிட்டுப் போத்தலோடு கப்பலேற விதியில் இடமிருந்தது. இன்றைய கம்பனிகளின் விதி இதற்கு நேர் எதிர்.

யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைக் குடித்து மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் உண்டு. அந்த மது வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. புகாரில் சுங்கத்தார் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரை குத்தினார்கள், சரி. திறகூலி கேட்டார்களா? இன்றைக்குக் கார்னிவல் என்ற உல்லாசக் கப்பற் கம்பனியின் கப்பலில் உங்கள் சொந்த வைன் போத்தலைச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் குடிப்பதென்றால், மூடியைத் திறந்து கிண்ணம் வைப்பதற்கு 15 டொலர் கட்ட வேண்டும். பாண்டியனிடம் எவரும் இப்படிக் கேட்டிருந்தால் புறநானூற்றில் இன்னொரு பாட்டு கிடைத்திருக்கும்.

கப்பலும் மதுவும் எதிரிகளானது அண்மைக் காலத்துச் செய்தி. பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளந்து ஊற்றியது. அந்த வழக்கம் 1970 ஜூலை 31இல்தான் நின்றது. 1957 வரை திருகோணமலை அவர்களுடைய தளம். எனவே நமது கிழக்குக் கரையிலேயே அரசாங்கச் செலவில் தினமும் அளவை நடந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையோ 1914இலேயே கப்பலில் மது கூடாது என்று கட்டளையிட்டுவிட்டது. இரண்டு படைகளும் போர்களில் வென்றன. ஆகவே போர்த்திறனுக்கும் போத்தலுக்கும் தொடர்பில்லை என்பது இவ்வாய்வின் முதலாவது பெறுபேறு.

இனி உல்லாசக் கப்பல். கார்னிவலும் றோயல் கரீபியனும் வயதுவந்த ஒருவருக்கு 750 மில்லிலீற்றர் வைன் அல்லது ஷம்பெயின் ஒரு போத்தல் அனுமதிக்கின்றன, அதுவும் ஏறுகிற நாளில், கைப்பையில், முத்திரை உடையாமல். டிஸ்னி கப்பலில் இரண்டு போத்தல் வைன் அல்லது ஆறு பியர். விஸ்கி, சாராயம் போன்ற கடுஞ்சரக்கு இவை எதிலும் ஏறாது. வழியில் துறைமுகத்தில் கடுஞ்சரக்கு வாங்கினால் அதைக் கப்பற்காரர் வாங்கிப் பத்திரமாகப் பூட்டி வைத்து, பயணத்தின் முடிவில் திருப்பித் தருவார்கள். மாலைதீவுச் சுங்கமும் இதே முறைதான். அங்கே காரணம் மார்க்கம். கப்பற் கம்பனிக்கு அப்படி என்ன மார்க்கம் என்று தேடினால், கணக்கறிக்கையில் விடை இருக்கிறது. பெரிய கம்பனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சீட்டுக்கு வெளியே, கப்பலுக்குள்ளே ஆட்கள் செலவழிக்கிற காசு. சீட்டு மலிவாயிருப்பதன் ரகசியம் அதுதான். குடிகாரர் பயணிகளைத் தொந்தரவு செய்வார்கள் என்று இந்த விதிக்குச் சிலர் விளக்கம் சொல்வார்கள். கப்பலுக்குள் ஒன்பது இடத்தில் பார் வைத்திருப்பவன் வாயிலிருந்து இந்த விளக்கம் வருவதை ஆய்வாளன் ஏற்க முடியாது.

எனவே இக்கட்டுரையின் மையக் கருதுகோள்: தடைப்பட்டியல் என்று ஒரே தாளில் அச்சடித்துத் தருவது உண்மையில் வெவ்வேறு அதிகாரிகளின் கட்டளைகள். ஒருவர் கல்லாப்பெட்டி. மற்றவர் தீ. எங்கள் பகுதியில் மூன்றாவதாகக் கடவுளும் உண்டு. அவரிடம் பின்னர் வருவோம்.

கல்லாப்பெட்டியின் கட்டளையை மீறுவதற்கு மேற்குலகம் உருவாக்கிய நுட்பங்கள் மெச்சத்தக்கவை. உள்ளே ரம் ஊற்றிச் சட்டைக்குள் மடித்து வைக்கத்தக்க பிளாஸ்டிக் பை, சூரியக்களிம்புக் குழாய் போலச் செய்த குப்பி, உருப்பெருக்கும் தொலைநோக்கி வடிவில் ஒரு குடுவை. வொட்காவுக்குள் பச்சைச் சாயம் விட்டு வாய்கொப்பளிக்கும் மருந்தாக்கியும் கொண்டுபோனார்கள். தண்ணீர்ப் போத்தலுக்குள் வொட்கா வருகிறது என்று கண்டு 2015இல் கார்னிவல் தண்ணீர்ப் போத்தலையே தடைசெய்தது. சோடாவானால் தகரப் பேணியில் கொண்டு வரலாம், ஒருவருக்குப் பன்னிரண்டு. பேணியை ஒருமுறை உடைத்தால் திரும்ப மூட முடியாது என்பதே அதன் தத்துவம்.

யாழ்ப்பாண நுட்பம் வேறு. என் மாமியும் மாமாவும் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போய், அங்கிருந்து மியாமிக்குப் போய்க் கப்பலேறுவதாக ஏற்பாடு. புறப்படும் முதல்நாள் இரவு உடுவிலில் அவர்கள் வீட்டுக் குசினியில் களஆய்வுக்கு வாய்ப்புக் கிடைத்தது. மாமி மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைத்திருந்தார். வறுத்து இடித்த தூள் நிறைந்த பையின் வாயை வாள் அலகு ஒன்றின்மேல் மடித்து, அலகின் ஓரத்தால் ஒரு நூலளவு மட்டும் வெளியே நீட்டவிட்டு, சுவாலையில் ஒரே இழுவையாக இழுத்தார். பிளாஸ்டிக் சுருங்கி ஒட்டியது. தூள், புழுக்கொடியல், பனாட்டு, வேப்பம்பூ வடகம் என்று வரிசையாக ஒட்டினார். மணம் வெளியே வராமல் ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் பை. மாமா பக்கத்தில் நின்று, "என்ரையையும் ஒருக்கா ஒட்டித் தாரும்" என்று அரைப்போத்தல் சாராயத்தை நீட்டினார். "உதுக்கு மெழுகுதிரி கொளுத்த ஏலாது" என்று மாமி சொல்லிவிட்டார்.

மாமா வெறுங்கையோடு போகவில்லை. நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதற்குள் தென்னஞ்சாராயத்தை ஊற்றினார். நிறப்பொருத்தம் குறை சொல்ல முடியாதது. பிழைத்தது குமிழியில். நல்லெண்ணெயைக் குலுக்கினால் குமிழி சோம்பலாக மேலே ஏறும். கண்ணாடியில் படலம் தங்கும். சாராயத்தைக் குலுக்கினால் குமிழி எழும்பின வேகத்திலேயே உடைந்துவிடும், கண்ணாடி சுத்தமாகிவிடும். மியாமித் துறைமுகத்துக் காவலர் போத்தலைத் திறக்கவேயில்லையாம். கையில் எடுத்தார், குலுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், ஒதுக்கி வைத்தார். எங்கள் கிராமங்களில் எண்ணெய் வாங்குகிற கிழவிகளின் பரிசோதனை முறையை அவர் எங்கே கற்றார் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஊடுகதிர் இயந்திரத்தின் முன் பயணி நிற்கும் நிலையைத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் கொண்டு விளக்கலாம். பெட்டி உள்ளே போய் வெளியே வரத் தாமதிக்கையில் மருட்கை. பெட்டியை வேறு மேசைக்குத் தூக்குகையில் அச்சம். பிடவைகளுக்கு நடுவிலிருந்து போத்தல் வெளிப்படுகையில் இளிவரல். பறிமுதல் என்றதும் வெகுளி. பின்னால் நிற்பவர்களுக்கு நகை. அன்றிரவு பாரில் விலைப்பட்டியலைப் பார்க்கையில் அழுகை. அகப்படாமல் உள்ளே போனவனுக்கு உவகையும், பிறகு அதைப் பத்துப் பேருக்குச் சொல்லுகையில் பெருமிதமும். எட்டும் சரியாகப் பொருந்துகின்றன. தொல்காப்பியர் துறைமுகத்தில் நின்று எழுதினாரோ என்று ஐயுற இடமுண்டு.

கள்ளைப் பற்றி ஒரு குறிப்பு. யாழ்ப்பாணத்தார் கப்பலில் கள்ளைக் கடத்தியதாகத் தகவல் கிடைப்பதரிது. இதற்குக் காரணம் ஒழுக்கம் என்று எவரும் மகிழ வேண்டாம். முட்டியிலிருந்து இறக்கிய கள் நொதிப்பதை நிறுத்தாது. போத்தலில் விட்டு மூடியை இறுக்கினால் வெடிக்கும், தளர்த்தினால் மணக்கும். சுங்க அதிகாரியிடம் தானாகப் போய் வாக்குமூலம் கொடுக்கும் ஒரே மது அது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் நொதிக்காது. ஆனால் அப்போது அது கருப்பணி, அதற்கு எந்தக் கப்பலிலும் மதுத்தடையில்லை, ஆசைப்படுவாரும் இல்லை. தவறணையில் பிளாவில் குடிப்பதோடு கள்ளின் பயணம் முடிவதற்கு நொதிப்பே காரணம். சூடாக்கி அடைத்த போத்தற் கள்ளும், திக்கம் வடிசாலையின் பனஞ்சாராயமும் வேறு இனம்.

இப்போது தீயின் பட்டியல். துணிமினுக்கும் அயன், கேத்தில், சூட்டடுப்பு, மெழுகுதிரி, ஊதுபத்தி, நீட்டு வயர். எங்கள் ஆட்களுக்கு உண்மையான இடி இங்கேதான் விழுகிறது. போத்தலில்லாமல் ஏழு நாள் இருக்கக்கூடிய மாமி, கற்பூரமும் ரைஸ் குக்கரும் இல்லாமல் இருக்க மாட்டார். இரண்டும் பறிபோயின. வீட்டில் சமைத்த சாப்பாட்டுக்கும் அனுமதியில்லை. கடையில் வாங்கி முத்திரையோடு இருப்பது மட்டும் போகலாம். மெழுகுதிரியில் ஒட்டிய பை எந்த வகை என்று மியாமியில் நீண்ட விவாதம் நடந்து, ஒட்டின நேர்த்தியைப் பார்த்து, தொழிற்சாலைப் பொதி என்று தீர்ப்பாயிற்று.

இந்த விடயத்தில் நான் கம்பனிகளின் பக்கம். 1934இல் மொரோ காசில் என்ற கப்பல் நியூ ஜேர்சிக் கரையோரம் எரிந்து 137 பேர் இறந்தார்கள். 2006 மார்ச்சில் ஜமேக்காவுக்கு அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் மாடங்கள் பற்றியெரிந்தன. அணையாத சிகரெட் துண்டு ஒன்றே காரணமாயிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. நடுக்கடலில் ஓடி ஏறுவதற்கு அடுத்த வீடு கிடையாது. ஒரு சிகரெட் துண்டுக்கு அந்தக் கதி என்றால், ஆயிரம் அறைகளில் ஆயிரம் மாமிகள் வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் கொளுத்துவதை எண்ணிப் பார்க்கவும். வைனுக்கும் அயனுக்கும் ஒரே தாளில் ஒரே கறுப்பு எழுத்தில் தடை போட்டதுதான் கம்பனிகள் செய்த பிழை. முதலாவது விதி காசுக்கானது என்று கண்டுகொண்ட பயணி இரண்டாவதையும் அப்படியே எண்ணிவிடுகிறான்.

மூன்றாவது அதிகாரியான கடவுள், கச்சதீவில் ஆட்சி செய்கிறார். அந்தோனியார் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிலிருந்தும் இராமேஸ்வரத்திலிருந்தும் படகுகள் போகின்றன. மதுவுக்கு அங்கே தடை. 285 ஏக்கர் தீவு, குடிதண்ணீர்கூடக் கிடையாது. 1974இல் எல்லை உடன்படிக்கை எழுதி இரு நாடுகளும் இன்றுவரை ஒத்துப்போக முடியாத இடத்தில், போத்தல் கூடாது என்பதில் மட்டும் இரு கரையும் ஒத்துப்போகின்றன.

சாதாரணக் கப்பலில் அந்த ஒற்றுமை இல்லை. நாகபட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 அக்டோபர் 14இல் 'செரியபாணி'யோடு தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை'யோடு மீண்டது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நேரம் நாலு மணித்தியாலம் வரை. ஏறுதுறையான நாகபட்டினத்துக்குப் பக்கத்திலேயே புதுச்சேரிக்குச் சொந்தமான காரைக்கால்; அங்கே மது மலிவு என்பது டெல்டாவில் பால்குடியும் அறிந்தது. இலங்கைச் சுங்கம் பயணிக்குத் தீர்வையின்றி 2.5 லீற்றர் கடுஞ்சரக்கு விடுகிறது. இந்தியச் சுங்கம் விடுவது 2 லீற்றர். ஆகவே இரண்டரை லீற்றரோடு இங்கே வந்த ஒருவர் மூடியைத் திறக்காமலே திரும்பிப் போனால், பாக்கு நீரிணையின் நடுவில் ஏதோ ஒரு அலையில் அரை லீற்றர் தீர்வைக்குரியதாகிறது. அந்த அரை லீற்றரை எல்லைக் கோட்டுக்கு முன்னரே எப்படித் தீர்ப்பது என்பதில் பயணிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை.

ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு மாமா தன்னை முன்மொழிந்திருக்கிறார். கார்னிவல் கப்பலில் 'சியர்ஸ்' என்று ஒரு குடித்திட்டம் உண்டு. நாளுக்கு இவ்வளவு என்று முற்கூட்டியே கட்டினால் 24 மணித்தியாலத்தில் 15 மதுக்கிண்ணம் வரை கிடைக்கும். ஒரே அறையிலுள்ள வயதுவந்தவர் எல்லாரும் சேர்ந்து வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. பங்கிட்டுக் குடிக்கவும் கூடாது. மாமியிடம் இதை விளக்கியபோது, "அப்ப என்ரை பதினைஞ்சை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். யாரிடமும் விடையில்லை. சற்று நேரம் கழித்து, மாமாவை மருமகனின் அறைக்கு மாற்றிவிட்டு மகள் தன்னோடு வந்து படுக்கட்டும் என்றார். மருமகனும் குடிக்கிறவர். இரண்டு பேருக்குக் கட்டினால் போதும். கம்பனியின் விதிப்புத்தகத்தில் இதற்குத் தடை எதுவும் தென்படவில்லை.