சுண்ணாம்பு இருக்கா?

"பாட்டி, உனக்கு ஏதாவது நல்ல பேய் தெரியுமா? வேற யாரும் போட்டுண்டு வராத பேயா இருக்கணும்."

பத்து வயதுப் பேத்தி இப்படிக் கேட்டபோது, திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்டோபர் 31 மாலை நகரத்துக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவில் ஹாலோவீன் கொண்டாட்டம். எங்கள் கட்டடத்திலிருந்து நான்கு குடும்பங்கள், ஏழு பிள்ளைகள். பத்து நாட்களாக வாட்ஸாப்பில் இதே பேச்சு. யார் காரில் யார் ஏறுவது, டிக்கெட்டை யார் எடுப்பது, பேய் வீட்டுக்குள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுவதா, இருட்டிய பிறகு போவதா, ராட்டினத்தில் ஏறும்போது கூர்த்தொப்பியை யாரிடம் கொடுப்பது, துலா மழை பிடித்துக்கொண்டால் முகத்துச் சாயம் என்ன ஆகும். ஒரு டிராகுலா, இரண்டு சூனியக்காரிகள், ஓர் எலும்புக்கூடு என்று வேஷங்கள் பதிவாகிவிட்டன. இவளுக்கு மட்டும் இன்னும் அமையவில்லை.

கீரைத்தட்டை நகர்த்தி வைத்தேன். "தெரியும்டி. ஐம்பது வருஷத்துக்கு மேலா உள்ளேயே வெச்சுண்டிருக்கேன்."

1969-இல் எனக்குப் பதினோரு வயது. கரமனை அக்ரகாரத்தில் எங்கள் வீடு. ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். திண்ணையோடு திண்ணை ஒட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் வரை போகும். அங்கே ஹாலோவீன் என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. ஆனால் வருஷத்தில் ஒன்பது மாலைகள் நாங்கள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனோம். நவராத்திரி.

அதற்கும் திட்டம் உண்டு. மகாளய அமாவாசைக்கு முன்பே அத்தை கூடத்தில் எங்களை உட்காரவைத்துக் கணக்குப் போடுவாள். முதல் நாள் யாருக்குக் கிருஷ்ணன் வேஷம், மயிற்பீலி யார் வீட்டில் இருக்கிறது, ஆண்டாள் கொண்டைக்குச் சவுரி எங்கே இரவல் வாங்குவது. எந்த வீட்டில் என்றைக்கு என்ன சுண்டல் என்பது எங்கள் கணக்கு. கடலை, பயறு, மொச்சை, பட்டாணி, வெள்ளிக்கிழமை என்றால் புட்டு. படியேறி, "எங்காத்துல கொலு வெச்சிருக்கோம், வெத்தலை பாக்கு வாங்கிக்க எல்லாரும் வரணும்" என்று சொல்ல வேண்டும். "ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். பாடினால் வாழையிலைத் துண்டில் சுண்டல். கண்மையால் வரைந்த மீசை வியர்வையில் கன்னம் வரை இறங்கியிருக்கும். ஆனாலும் அந்த வீட்டு மாமி, "கிருஷ்ணா, உள்ளே வாப்பா" என்று என்னை உண்மையான கிருஷ்ணனாகவே நினைத்துக் கூப்பிடுவாள். அவள் குரலில் விளையாட்டு இருக்காது. அந்த மரியாதைக்காகவே மறுநாளும் வேஷம் போடத் தோன்றும்.

திருவனந்தபுரத்து நவராத்திரி வேறு எந்த ஊரிலும் இல்லாதது. இங்கே தேவதைகளே நடந்து விருந்துக்கு வருகிறார்கள். பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தபோது அங்கே நடந்த பூஜை, தலைநகர் மாறிய பிறகு இங்கே வந்தது. அதனால் ஒவ்வொரு வருஷமும் பத்மநாபபுரம் தேவாரக்கட்டுச் சரஸ்வதி யானைமேல் புறப்படுகிறாள். கம்பர் பூஜித்தவள் என்று வழிவழியாகச் சொல்லப்படுபவள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன் வருகிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, மூன்றாம் நாள் கரமனை வழியாகக் கோட்டைக்குள். சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்ததால் அந்தப் பாதையின் குறுக்கே களியக்காவிளையில் ஒரு மாநில எல்லை வந்தது. தேவதைகள் வருவது நிற்கவில்லை. எல்லையில் கேரளப் போலீஸ் அணிவகுத்து மரியாதை செய்து வரவேற்கிறது.

கரமனைப் பாலத்தருகே அந்த ஊர்வலத்தைப் பார்க்க நின்றபோதுதான் பாட்டி எனக்கு நீலியின் கதையைச் சொன்னாள்.

"இந்த வழி சாதாரண வழி இல்லேடி. அந்தக் காலத்துலே பத்மநாபபுரத்துலேர்ந்து இங்கே வரவா ராத்திரி நடக்கவே மாட்டா. கள்ளியங்காட்டு நீலி நிப்பாள். வெள்ளைப் புடவை, முழங்கால் வரைக்கும் அவிழ்த்துவிட்ட கூந்தல், பாலைப்பூ வாசனை. பக்கத்துலே வந்து, 'கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?'ன்னு கேப்பாள். கையாலே குடுத்தா தீர்ந்தது. விடிஞ்சா பனைமரத்தடியிலே நகமும் முடியும்தான் மிச்சம்."

"அப்புறம்?"

"மந்திரம் தெரிஞ்ச பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் வந்தார். இரும்பு ஆணி நுனியிலே சுண்ணாம்பை வெச்சு நீட்டினார். இரும்பைத் தொட்டதும் அடங்கிட்டாள். அந்த நீலி நின்ன வழியாத்தான் நங்கை பல்லக்குலே வரா. பயமும் அதே வழி, அபயமும் அதே வழி."

அந்த இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பயத்தினால் இல்லை, ஆசையினால். மறுநாள் அத்தையிடம் சொன்னேன், எனக்குக் கிருஷ்ணன் வேண்டாம், ஆண்டாள் வேண்டாம், நான் நீலி வேஷம் போட்டுக்கொண்டு எல்லார் வீட்டுத் திண்ணையிலும் நின்று சுண்ணாம்பு கேட்கப் போகிறேன் என்று. வெற்றிலை பாக்கு வாங்க அழைக்கும் நாட்களில் சுண்ணாம்பு கேட்டு வரும் பெண் எவ்வளவு பொருத்தம் என்று எனக்கே என்மேல் பெருமை. வீடே அதிர்ந்தது. நவராத்திரி நாளில், விளக்கு வைத்த நேரத்தில், ஒரு பெண்குழந்தை தலையை விரித்துக்கொண்டு இன்னொருவர் வாசலில் நிற்பதா? பாட்டி என்னை அடிக்கவில்லை. என் தலையை வாரி, இறுக்கிப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டினாள். அந்த இறுக்கம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

அந்த வயதில் மூடிய கதவு அது ஒன்றுதான் என்று நினைத்தேன். கோட்டையில் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிக்கு அப்பா போய்வருவார். கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்டபம் அது. ஒலி அதில் பட்டுத் திரும்பும். சுவாதித் திருநாள் மகாராஜா ஒன்பது நாளுக்கு இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும். கைதட்டல் கிடையாது. சரஸ்வதியின் முன்னால் நடக்கும் அந்தக் கச்சேரியில் பெண் குரலுக்கு மட்டும் இடமில்லை. எங்கள் தெருவில் அந்த ஒன்பதையும் அடுக்களையில் பிழையில்லாமல் பாடிய மாமிகள் இருந்தார்கள். 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பாடியபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மறுநாள் செய்தித்தாளில் படித்துவிட்டு நான் அழுதேன். அந்த மாமிகளில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி முடிக்கும்போது கீரை வாடிப்போயிருந்தது.

"நீலி உண்மையா இருந்தாளா, பாட்டி?"

"தொண்டை மண்டலத்துலே பழையனூர்க்காரா கேட்டா எங்க ஊர் நீலின்னு சொல்வா. பொய்யா அழறதை நீலிக்கண்ணீர்னு சொல்றோமே, அது அவளாலே வந்ததுதான். நாஞ்சில் நாட்டுலே வில்லுப்பாட்டுலே பாடறா. இங்கே கொட்டாரத்தில் சங்குண்ணி 'ஐதீகமாலை'ன்னு பழங்கதையெல்லாம் தொகுத்தார், அதுலே கத்தனார் கதை இருக்கு. இத்தனை ஊர் ஒருத்தியை ஞாபகம் வெச்சிருக்குன்னா அவளுக்கு என்ன அநியாயம் நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். பிறகு போனை எடுத்துப் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே 'யட்சி' என்று போட்டாள்.

அடுத்த ஐந்து நாட்கள் எனக்கு மறுபடி பதினோரு வயது. என் பழைய செட்டுமுண்டு ஒன்றை அவள் உயரத்துக்கு மடித்துத் தைத்தேன். பாலைப்பூ கிடைக்கவில்லை, சாலைக் கடைத்தெருவில் பிச்சிப்பூ வாங்கினேன். மகன் அங்கேயே ஒரு பெரிய மத்தன் வாங்கிவந்து கண்ணும் பல்லும் செதுக்கினான். அயர்லாந்தில் முதலில் டர்னிப்பைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்களாம், அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பூசணி என்றான். எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. நாகர்கோவில் பக்கம் கட்டுகிற வீடுகளில் எல்லாம் அசுர முகம் எழுதிய பூசணிக்காய் தொங்குவதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன். கெட்டது எட்டிப் பார்த்தால் அதைவிடக் கோரமான ஒன்று வாசலில் நிற்கட்டும் என்ற எண்ணம் அங்கும் இங்கும் ஒன்றுதான். செதுக்கி எடுத்த சதையில் எரிசேரி வைத்தேன்.

ஆனால் ஒன்று என் மனதை அரித்தது. கேளிக்கைப் பூங்காக்கள் ஹாலோவீனைத் தங்கள் மதிலுக்குள் கொண்டுவந்து அரை நூற்றாண்டு ஆகிறது. கலிபோர்னியாவில் நாட்ஸ் பெரி ஃபார்ம் 1973-இல் தொடங்கியது. ஃபுளோரிடாவில் டிஸ்னி 1995-இல். அதற்கு முன்னால் அது அங்கேயும் வீட்டுக்கு வீடு போய்க் கதவைத் தட்டுகிற மாலைதானே. தட்டும் குழந்தைக்கும் திறக்கும் வீட்டுக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும். பூங்காவில் பயத்தை வேறு யாரோ தயாரித்து வைத்திருக்கிறார்கள்; நாம் வரிசையில் நின்று உள்ளே போகிறோம். எங்கள் நீலிக்குக் கள்ளியங்காடு என்று ஒரு காடு இருந்தது, ஒரு பாதை இருந்தது, அவளைத் தாண்டி வர ஒரு நங்கை இருந்தாள். பயத்துக்கு ஓர் ஊர் இருந்தால்தான் அதைக் கடந்து வீடு திரும்பிய நிம்மதியும் குழந்தைக்குக் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். டிக்கெட் வாங்கிப் போகிற இடத்தில் இவளுடைய நீலியை யார் அடையாளம் கண்டு, "உள்ளே வா" என்று சொல்வார்கள்?

அன்று மாலை மழை இல்லை. பூங்கா வாசலில் ஆரஞ்சு விளக்குகள், புகை, ஒலிபெருக்கியில் ஓநாய் ஊளை. டிராகுலாவும் சூனியக்காரிகளும் முன்னே ஓடினார்கள். டிக்கெட் பார்க்கும் இடத்தில் என் வயதை ஒட்டிய காவலாளி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் பேத்தி அவர் முன்னால் போய் நின்றாள். முதுகு முழுக்கக் கூந்தல், பிச்சிப்பூ மணம். நாங்கள் ஒத்திகை பார்த்தபடி, மெல்லிய குரலில் கேட்டாள்.

"சுண்ணாம்புண்டோ?"

அவர் நிமிர்ந்தார். ஒரு கணம் அவர் முகத்தில் உண்மையான பயம் ஒன்று வந்து போனதைப் பார்த்தேன். ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு பனைமரத்தைக் கடந்து ஓடிய சிறுவன் அங்கே எட்டிப் பார்த்தான். பிறகு அந்த முகம் மலர்ந்தது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். அதில் நீளமான இரும்புச் சாவி ஒன்றைப் பிடித்து, இல்லாத சுண்ணாம்பை அதன் நுனியில் வைத்ததுபோல் நீட்டினார்.

"கையில் தரில்ல மோளே. இரும்பிலே தரூ."

அவள் அந்தச் சாவியைத் தொட்டாள். தொட்டதும் அடங்கி, தலை குனிந்தாள். அவர் எழுந்து நின்று, ஒரு வீட்டு வாசலைத் திறந்துவிடுவதுபோல் இரண்டு கையாலும் வழி காட்டினார். பின்னாலிருந்த பெரியவர்கள் சிலர் சிரித்துக்கொண்டே தங்கள் குழந்தைகளிடம் குனிந்து கதை சொல்லத் தொடங்கியது என் காதில் விழுந்தது. வேஷம் போட்ட குழந்தையை வரவேற்கத் தெரிந்த மனிதர்கள் டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்திலும் இருக்கிறார்கள். நாம் அவர்களுக்குத் தெரிந்த பேயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

வீடு திரும்பும்போது பத்து மணி. விடிந்தால் நவம்பர் 1, கேரளப் பிறவி நாள். பள்ளிக்குக் கசவுப் பாவாடை எடுத்துவைக்க வேண்டும். அவள் கூந்தலிலிருந்து பூவை எடுக்க உட்கார்ந்தேன். பின்னிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இரு பாட்டி" என்றாள். பூச்சரத்தை என் தலையில் வைத்தாள். பிறகு ஓடிப்போய் என் மாமியார் காலத்து வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, பாக்குவெட்டி நுனியில் ஒரு துளி சுண்ணாம்பைத் தொட்டு எடுத்துவந்து என் முன்னால் நின்றாள்.

"நீ அன்னிக்குக் கேக்கவே இல்லையே. இப்ப கேளு."

என் கொண்டையை நானே அவிழ்த்தேன். நரைத்த கூந்தல் தோளில் விழுந்தது. கேட்டேன்.