மட்கார்டில் ஒரு மச்சான்

திருவண்ணாமலையில் சுற்றுவது என்பது கௌரவமான காரியம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். புண்ணியத்தோடு ஊர் திரும்புகிறார்கள். என் டிராக்டரும் சுற்றும். அதாவது அதன் வலது பின்சக்கரம் சுற்றும். நின்ற இடத்திலேயே, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, ஓர் அங்குலம்கூட நகராமல் சுற்றும். அந்தப் புண்ணியம் யார் கணக்கில் சேருகிறது என்றுதான் தெரியவில்லை.

பெரிய வண்டி அல்ல. 15 குதிரைத்திறன் மினி டிராக்டர், செகண்ட் ஹேண்ட். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல், மேட்டில் மல்லாட்டை போடும் கொல்லை. அதற்கு இது போதும் என்று வாங்கியது. விற்றவர், “கொழந்த மாதிரி வச்சிருந்தேன் சார்” என்றார். பொய் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டு அழுவதில் அது அசல் குழந்தைதான்.

வண்டி சேற்றில் சிக்கினால் முதலில் வந்து சேர்வது மெக்கானிக் அல்ல, யோசனை. பால் ஊற்றப் போகிறவர், நூறு நாள் வேலை முடிந்து வருகிறவர்கள், யாருடைய வயலையோ பார்க்க வந்தவர், எல்லோரும் வரப்பில் நின்று ஒரு நிமிடம் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: “வெயிட்டு பத்தல.”

வெயிட் கடையில் கிடைக்கும். சக்கரத்தில் பூட்டுவதற்கென்றே வார்ப்பிரும்புத் தட்டுகள் விற்கிறார்கள். ஆனால் அதற்குக் காசு கேட்கிறார்கள். ஆகவே நம் மக்கள் காசில்லாத வெயிட்டைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மணல் மூட்டை ஒரு வகை. முன் பம்பரில் சங்கிலி போட்டுக் கட்டிய ஆட்டுக்கல் இன்னொரு வகை. 2011-இல் அரசாங்கம் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வேலையில்லாமல் கொல்லைப்புறத்தில் கிடந்த ஆட்டுக்கல்லுக்கு இப்படியொரு மறுவாழ்வு. எல்லாவற்றிலும் மலிவான வெயிட், மச்சான்.

என் மனைவியின் தம்பி நல்ல மனிதர், நல்ல சாப்பாட்டுக்காரர். வலது சக்கரம் வழுக்குகிறதா, வலது மட்கார்டில் ஏறி உட்காருவார். வழுக்கல் இடதுபக்கம் மாறினால் அவரும் மாறுவார். வேடிக்கை என்னவென்றால், இதில் விஷயம் இருக்கிறது. உலர்ந்த மண்ணில் சக்கரத்தின் பிடிப்பு அதன்மேல் இறங்கும் பாரத்தைப் பொறுத்தது. பாரம் ஏறினால் பிடிப்பும் ஏறும். அந்த அளவில் இயற்பியல் மச்சான் கட்சி. ஆனால் மட்கார்டுக்கும் சுழலும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் விழுவார் என்று எந்த இயற்பியலும் உத்தரவாதம் தராது. இதை என் மனைவி சுருக்கமாகச் சொன்னாள்: “என் தம்பி என்ன உங்களுக்குப் படிக்கல்லா?” அதோடு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அவலூர்பேட்டை சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வந்தார். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, ஓட்டுகிறவர் காலைப் பார்த்தார். “சார், வெயிட்டெல்லாம் அப்பறம். ஒரு சக்கரம் மாங்கு மாங்குன்னு சுத்துது, இன்னொண்ணு சும்மா நிக்குது பாருங்க. மொதல்ல அதுக்கு வேல குடுங்க.”

இதுதான் ரகசியம். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்ற வேண்டும் என்பதற்காக, இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர ஏற்பாடு இருக்கிறது. ரோட்டில் அது தெய்வம். சேற்றில் அதுவே எமன். எந்தச் சக்கரம் சுளுவாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுற்றலை எல்லாம் தள்ளிவிடும். கெட்டியான மண்ணில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. டிராக்டருக்கு பிரேக் இரண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ரோட்டில் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்து ஓட்டுவோம். வயலில் கொக்கியை எடுத்துவிட்டு, வழுக்கும் பக்கத்து பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்தால், சும்மா நிற்கிற சக்கரம் வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும். குதிகாலுக்குப் பக்கத்தில் டிஃப் லாக் மிதி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நேராகப் போகும்போது மட்டும் மிதிக்க வேண்டும். மிதித்தபடியே திருப்பினால் உள்ளே பல் உடையும். செலவு: பூஜ்யம். ஆட்டுக்கல்லை பம்பரில் ஏற்றுவதற்கு முன் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

பிறகு மெக்கானிக் டயரைப் பார்த்தார். டிராக்டரின் பின்டயரில் வரி வரியாகக் கட்டைகள் இருக்கும் அல்லவா, நடுவில் முனை சேர்ந்து இரண்டு பக்கமும் விரியும். பின்னால் நின்று பார்த்தால் அது தலைகீழ் நாமமாகத் தெரிய வேண்டும். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால்தான் முனை முதலில் மண்ணில் பட்டு, சேறு இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே போகும். என் வண்டியில் ஒரு டயரில் தலைகீழ் நாமம், இன்னொன்றில் நேர் நாமம். யாரோ ஒரு பங்க்சர் கடையில் கழற்றிப் போட்டபோது திருப்பி மாட்டியிருக்கிறார்கள். சேறு நடுவில் அப்பிக்கொண்டு, டயர் வழுவழுவென்று ஆகி, நமக்கும் சேர்த்து நாமம் போட்டிருக்கிறது. சைவத் தலமான இந்த ஊரில் இரண்டு நாமத்தையும் ஒரே பக்கம் தலைகீழாகத் திருப்பிய பிறகுதான் வண்டிக்குப் பாதி புத்தி வந்தது.

அடுத்தது காற்று. ரோட்டோரக் கடையில் காற்றுப் பிடித்தால் டயர் டம்மென்று இருந்தால்தான் அவருக்குத் திருப்தி. வயலில் பின்டயருக்கு 12 முதல் 14 பவுண்டு போதும். கொஞ்சம் தளர்வாக இருந்தால் டயர் மண்ணில் அகலமாகப் படியும், கூடுதலாக நாலு கட்டை மண்ணைக் கடிக்கும். டிரெய்லர் கட்டி ரோட்டில் போகும்போது மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். இதற்கும் செலவு பூஜ்யம்தான். டீக்காசு நம் விருப்பம்.

என் அக்கா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அவனிடமும் ஒரு டிராக்டர் இருக்கிறது, லான் டிராக்டர். வீட்டுக்குப் பின்னால் வளரும் புல்லை வெட்ட, 20 குதிரைத்திறன். ஏர் இல்லை, நடவு இல்லை, பரம்பு இல்லை. 20 குதிரையைப் பூட்டிப் புல் வெட்டுகிறான். வெட்டிய புல்லை ஒரு கன்றுக்குட்டிக்குக்கூடப் போடுவதில்லை. “ஏன்டா மாப்ளே?” என்றேன். “வெட்டலைன்னா டவுன்ஷிப்ல இருந்து நோட்டீஸ் வரும் மாமா” என்றான். புல் வளர்ந்ததற்கு நோட்டீஸ்! இங்கே வளர்ந்தால் நாலு ஆடு வரும்.

அவனுக்கும் என் வியாதியேதான். பின்பக்கம் சரிவு, புல்லில் ஈரம், ஒரு சக்கரம் நின்று சுற்றுகிறது. ஜிம்முக்குப் போகும் உத்தேசத்தில் வாங்கிய இரும்புத் தட்டுகளைச் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறான். அந்தத் தட்டுகள் செய்த முதல் உடற்பயிற்சி அதுதான். பனிக்காலச் சங்கிலியைச் சுற்றிப் பார்த்தானாம். வண்டி ஏறியது, புல்தரையும் கூடவே உரிந்து வந்தது. அவன் கஷ்டம் அங்கேதான். பிடிப்பு வேண்டும், ஆனால் புல்லில் கீறல் விழக்கூடாது. நமக்கு மண் கிழியத்தான் வண்டியே.

“டயர்ல தண்ணி ஊத்துடா” என்றேன். எங்கள் பக்கம் பெரிய டிராக்டர் வைத்திருக்கும் பலர் செய்வது. “இங்க குளிர்காலத்துல உறைஞ்சிடும் மாமா” என்றான். உறையாமலிருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்களாம். அது கசிந்தால் இரும்பு ரிம்மைத் தின்றுவிடும். அதனால் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டின் சாற்றை டயருக்குள் ஊற்றுகிறார்களாம். உறையாது, துருப்பிடிக்காது, தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் அதிகம். இதை வீட்டில் சொன்னபோது, பீட்ரூட் பொரியலைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் என்னை என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். டயர்கூட சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

திருவண்ணாமலையில் டயருக்குள் தண்ணீர் உறையும் என்ற பயம் இல்லை. கத்திரி வெயிலில் கொதிக்காமல் இருந்தால் சரி. கிணற்றில் தண்ணீர், விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ஓஸ் மோட்டார் கொட்டகையில் தொங்குகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயரின் வால்வு மணி பன்னிரண்டு காட்டும்படி மேலே திருப்பி, உள்ளே இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டு ஓஸைச் செருக வேண்டும். கொஞ்சம் தண்ணீர் போனதும் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். ஓஸை எடுத்தால் டயர் ஏப்பம் விடும், விட்டபடியே ஒரு வாய் தண்ணீரை நம் முகத்தில் துப்பும். மறுபடி செருகு, மறுபடி ஏப்பம். மெக்கானிக் இதில் தேர்ந்தவர், ஒவ்வொரு ஏப்பத்துக்கும் சரியாகத் தலையைச் சாய்த்துக்கொள்வார். வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் டயரில் முக்கால் பங்கு நிரம்பிவிட்டது. அங்கே நிறுத்திப் பின்னைப் போட்டு, மிச்சக் காற்பங்கில் காற்று ஏற்ற வேண்டும். காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பினால் டயர் கல்லாகிவிடும், ஓட்டுகிறவர் இடுப்பு போய்விடும்.

வெயிட் போதுமா என்று பார்க்கவும் சும்மா ஒரு வழி உண்டு. டயரில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். ஆயுத பூசைக் குங்குமம் மிச்சமிருந்தால் அதுவே போதும். ஏரைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளங்கள், 100 அடி என்று வையுங்கள். ஏரை இறக்கி உழுதுகொண்டே அதே 10 சுற்று. இப்போது 85 அடி வந்தால் வழுக்கல் நூற்றுக்கு 15. நூற்றுக்கு 10 முதல் 15 வரை வழுக்கல் இருப்பதே நல்லது. அதைவிட மிகவும் குறைந்தால் வெயிட் அதிகம், டீசலைக் கொடுத்து ஆட்டுக்கல்லை ஊர்வலம் விடுகிறோம் என்று பொருள். இதைச் சொன்னபோது வரப்புக் கூட்டம் நம்பவில்லை. வழுக்கல் அறவே கூடாது என்பது அவர்கள் கட்சி.

கொல்லையில் தண்ணீர் ஊற்றிய டயர் ஜம்மென்று போனது. ஏரிக்குக் கீழே சேடை ஓட்ட இறங்கியபோது கதை மாறியது. சேற்றில் வெயிட் நண்பன் அல்ல. எவ்வளவு கனமோ அவ்வளவு ஆழம். அங்கே வேண்டியது மிதப்பும் துடுப்பும். அதற்குத்தான் கேஜ் வீல். ஆங்கிள் இரும்பை வளையத்தில் பற்றவைத்துப் பட்டறையிலேயே அடித்துத் தருவார்கள், விலை கிலோ கணக்கில். டயருக்குப் பக்கத்தில் பூட்டுவது அரைச் சக்கரம், டயரையே கழற்றிவிட்டு மாட்டுவது முழுச் சக்கரம். இதில் சரித்திரம் செய்த கேலி ஒன்று உண்டு. அந்தக் காலத்து டிராக்டர் எல்லாம் இரும்புச் சக்கரம்தான். 1932-இல் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி ரப்பர் டயர் போட்ட டிராக்டரை விற்க வந்தபோது விவசாயிகள் சிரித்தார்கள். அவர்களை நம்பவைக்க, பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற கார்ப் பந்தய வீரரை டிராக்டரில் ஏற்றி, 1933-இல் மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓடவிட்டார்கள். உலகமே ரப்பருக்கு மாறியது. நாம் அந்த ரப்பரைக் கழற்றி வரப்பில் சாய்த்துவிட்டு இரும்பை மாட்டுகிறோம். சேடையில் நாம் செய்வதுதான் சரி.

இன்னொரு யோசனையும் வரும்: நீளமான கட்டையைப் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே சங்கிலியால் கட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கு என்று. கேட்காதீர்கள். கட்டை அசையாவிட்டால் சக்கரத்துக்குப் பதில் வண்டியே சுற்றும். மூக்கு தூக்கி, ஓட்டுகிறவர் மேல் மல்லாக்க விழும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இது ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு நாள் என் வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்தது பக்கத்து வயல் பெரியவரின் ஒரு ஜோடி மாடு. 15 குதிரை தோற்ற இடத்தில் இரண்டு மாடு. மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஊன்றும்போது சேற்றில் விரியும், தூக்கும்போது சுருங்கிக்கொண்டு சுளுவாக வெளியே வரும். இப்படியொரு சக்கரத்தை இன்னும் எந்தக் கம்பெனியும் போடவில்லை. பெரியவர் காசு வாங்கவில்லை. “வண்டிய வித்துடு” என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் தேரோட்டத்தை அக்கா மகனுக்கு வீடியோ காலில் காட்டினேன். மாட வீதியில் பெண்கள் மட்டுமே இழுக்கும் அம்மன் தேர், பிள்ளைகள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர், எல்லாம் பார்த்தான். “இவ்ளோ வெயிட்டுக்குச் சக்கரம் வழுக்காதா மாமா?” என்றான். வழுக்காது மாப்ளே, தேர்ச் சக்கரம் தானாகத் தள்ளுவதில்லை, உருளுகிறது. பிடிப்பெல்லாம் வடம் பிடிக்கிறவர்கள் வெறுங்காலில் என்றேன். சற்று யோசித்துவிட்டு, அவன் வீட்டுச் சரிவில் ஏற எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டான். விசா கிடைக்காது என்றேன்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறாதீர்கள். சாலையைக் கொத்திப் போட்டதற்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும். மட்கார்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். வெயிட் வேண்டுமென்றால் டயரில் தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ, அதற்கு மத்தியானச் சாப்பாடும் போட வேண்டியதில்லை.