பசுமை வரி கட்டிய புகை

பழைய ஆக்டேவியா ஆர்.எஸ். வைத்திருக்கும் சீமான்களுக்கு ஒரு தீராத மனக்குறை. 2004-இல் ஸ்கோடா இந்த டர்போ காரை இந்தியாவில் விற்றபோது 150 குதிரைத்திறன்தான் கொடுத்தது. ஐரோப்பாக்காரனுக்கு 180. முப்பது குதிரையை ஒளித்துவிட்டானே பாவி! இந்த மாபெரும் சமூக அநீதியைத் துடைக்க அவதரித்ததுதான் 'ரீமேப்'.

டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் ஒரு வயர், மறுமுனையில் லேப்டாப். எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டும், ஸ்பார்க் எப்போது விழ வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை அழித்து வேறு கணக்கு எழுதுவார்கள். சைலன்சரில் பட்டாசு வெடிக்க வேண்டுமா? ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலை ஊற்றி, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தினால் குழாய்க்குள்ளேயே எரியும். நச்சுப்புகையை அடக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இடைஞ்சலா? கழற்றி எறி. அதைக் காணோமென்று எரியும் எச்சரிக்கை விளக்கையும் மென்பொருளிலேயே அணைத்துவிடலாம்.

இத்தனை வீரத்துக்கும் ஒரு களம் வேண்டாமா? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை சுமார் 40 கிலோமீட்டர் நாற்கரச் சாலை இருக்கிறதே! வேர்க்கடலை மூட்டையை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கட்டிக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும் விவசாயிதான் இடைஞ்சல். அடிபட்டால் என்ன, முண்டியம்பாக்கத்தில் சாலையோரமாகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கட்டிவைத்திருக்கிறோம். அந்த விவசாயி ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். நியாயம்தான், போடத்தான் வேண்டும். பட்டாசு வெடித்துக்கொண்டு பறந்தவருக்கு? அவரை நிறுத்த முதலில் பிடிக்க வேண்டும்; பிடிக்க அவரை விட வேகமான ஜீப் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்கிறது 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தம். கண்டுபிடிப்பது யார்? 2004-இல் வாங்கிய கார் 2019-லும் 2024-லும் ஆர்.டி.ஓ. வாசலை மிதித்தே ஆக வேண்டும். சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்க்கிறோம். ஹாரனை அடித்துப் பார்க்கிறோம். பதினைந்து வயது தாண்டியதற்குப் பசுமை வரியும் வாங்குகிறோம். அந்த இன்ஜினை ஆளும் மென்பொருள் கம்பெனி கொடுத்ததுதானா என்று மட்டும் பார்ப்பதில்லை. பெட்ரோல் வண்டியின் புகைச் சோதனை வண்டி நின்ற இடத்திலேயே நடக்கிறது. ரீமேப்பின் வித்தையோ சாலையில் மிதித்த பிறகுதான் தொடங்குகிறது. டீசல் வண்டியில் கரும்புகையை அளக்கிறோம். நுரையீரலை அரிக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதே இல்லை.

இந்த வித்தைக்குக் குரு, ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன். சோதனை நடக்கிறது என்று மோப்பம் பிடித்ததும் உத்தமனாகி, சாலைக்கு வந்ததும் விஷம் கக்கும் மென்பொருளை உலகம் முழுக்க 1.1 கோடி டீசல் கார்களில் வைத்து 2015-இல் அகப்பட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மே மாதமே, கம்பெனி மீது கடும் நடவடிக்கை வேண்டாமென்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

கார்க்காரர்கள் மட்டுமா? 2022 அக்டோபரில் கேரளத்து வடக்கஞ்சேரியில் ஒரு சுற்றுலாப் பஸ் அரசுப் பஸ்ஸின் மேல் மோதி, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஒன்பது பேர் செத்தார்கள். வேகத்தை மணிக்கு 80 கிலோமீட்டரில் கட்டிவைக்க வேண்டிய கருவியைத் திருத்தி, 97-க்கு மேல் ஓட்டியிருந்தார்கள்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரே வேண்டுகோள். ரீமேப் கடைக்காரன் வயர் செருகும் அதே சாக்கெட்டில் நீங்களும் ஒரு வயர் செருகலாம். மென்பொருளின் அடையாள எண்ணைப் பல வண்டிகள் தாமே சொல்லும். அதைச் செய்ய மனமில்லையென்றால் பசுமை வரி வாங்குவதையாவது நிறுத்துங்கள். பார்க்காத புகைக்குப் பணம் வாங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது.