பழைய டிராக்டருக்குப் புது டயர்

கேள்வி: அப்பா காலத்து மாஸி பெர்குசன் 1035. பின் டயர் இரண்டும் மொட்டை. செலவு கட்டுப்படியாக என்ன செய்யலாம்?
– ஒரு விவசாயி, கங்கைகொண்ட சோழபுரம்

பதில்: ஆயிரம் ஆண்டுக்கு முன் ராஜேந்திர சோழன் வெட்டிய ஏரி இருக்கும் ஊரில், அப்பா காலத்து வண்டியெல்லாம் சின்னப் பிள்ளை! தைரியமாக ஓட்டுங்கள்.

முதலில் டயரின் பக்கச்சுவரில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 12.4-28 என்றிருந்தால் அகலம் 12.4 அங்குலம், ரிம் விட்டம் 28 அங்குலம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு அளவு வாங்காதீர்கள்.

பக்கச்சுவரில் வெடிப்பு, வீக்கம் இல்லையென்றால் ரீட்ரேடிங் செய்யலாம். புது டயரைவிடச் செலவு குறைவு. கம்பி தெரிந்தால் அந்த டயரை விட்டுவிடுங்கள்.

பழைய டயர் வாங்கினால் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.

பின் டயர்களை ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால், ஒரு காலில் மட்டும் புதுச்செருப்பு போட்டு நடப்பது போல. டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துத் தேயும்.

மாட்டியதும் பின்னால் நின்று பாருங்கள்: பட்டன்களின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழானால் சேறு வெளியேறாது, பிடிப்பும் குறையும்.

உழவில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் பெரிய டயர் தேடாதீர்கள். டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புங்கள். எடை கூடும், பிடிப்பு வரும். தண்ணீருக்கு விலை இல்லையே!