பிறந்த தேதி என்ன?

கேள்வி: பையன் எந்நேரமும் செல்போனில் பிஜிஎம்ஐ என்ற கேம் ஆடுகிறான். கண்டித்தால், "டிவியிலேயே லீக் காட்டுறாங்கப்பா, பரிசு கோடியில" என்கிறான். நிஜமா?
(ஒரு வாசகர், ஏரியூர்)

பதில்: நிஜம்தான். 2022-இல் பிஜிஎம்ஐ மாஸ்டர்ஸ் சீரிஸ் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது. 24 அணிகள், மொத்தப் பரிசு ஒன்றரைக் கோடி. பையன் சொல்லாமல் விட்டது: ஜூலை 17-இல் இறுதி ஆட்டம், 28-ஆம் தேதி அரசு உத்தரவில் விளையாட்டே ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது. கபடியில் தோற்பார்கள், ஆடுகளமே தொலைந்து பார்த்ததுண்டா? 2023 மே மாதம் திரும்பியபோது, 18 வயதுக்குக் கீழே நாளுக்கு 3 மணி நேரம்தான் என்றொரு கட்டுப்பாடு. உங்கள் பிறந்த தேதியைப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். டக்கென்று சொன்னால் பாசம் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் வயதில்தான் உள்ளே நுழைந்திருப்பான்!