மிகைத்தொகை மீட்பு குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கடைநிலை ஊழியர், சித்தேரி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: கூட்டலில் கோட்டைவிட்டு, கழித்தலில் கறாராக இருக்கும் கணக்கு அலுவலர் அவர்கள்.

பொருள்: எனக்கு அதிகமாகக் கொடுத்ததற்காக என்னைத் தண்டிப்பது – தொடர்பாக.

ஐயா,

தங்கள் ஆணை கிடைத்தது. ஓய்வூதியம் நிர்ணயித்தபோது ஓர் ஊதிய உயர்வைத் தங்கள் அலுவலகம் இருமுறை சேர்த்துவிட்டதாம். பல ஆண்டு கழித்து அது தெரியவந்து, மொத்தத்தையும் மாதாமாதம் என்னிடம் பிடிக்கிறீர்கள். நியாயம்தானே! நான் அன்றே மலையிறங்கி பஸ் ஏறி வந்து, தங்கள் கோப்பைப் பிரித்துக் கூட்டிக் காட்டியிருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் நேர்காணலுக்கு வரவழைத்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று ரேகை வைத்துப் பார்க்கிறீர்கள். என் மூச்சைச் சரிபார்த்தவர் யாரும் என் தொகையைச் சரிபார்க்கவில்லை.

2014 டிசம்பர் 18 அன்று ரபீக் மசிஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியரிடம் பிடிக்கக் கூடாது, ஓய்வுபெற்றவரிடம் கூடாது, ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்துவந்ததையும் பிடிக்கக் கூடாது. இதில் ஒன்று பொருந்தினாலே போதும். எனக்கு மூன்றும் பொருந்துகிறது.

ஓய்வுபெற்றவரிடமும் பிடிக்கலாம் என்று தீர்ப்பான 2016-ஆம் ஆண்டு ஜக்தேவ் சிங் வழக்கைக் காட்டுவீர்கள். அவர் நீதித்துறை அலுவலர். மிகை வந்தால் திருப்பித் தருவேன் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். நான் கையெழுத்திட்ட அப்படியொரு தாள் இருந்தால் காட்டுங்கள். இதேபோன்ற மீட்பை எதிர்த்து வழக்காடிய, 1999-இல் ஓய்வுபெற்ற கேரள ஆசிரியர் தாமஸ் டேனியலுக்கு உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது 2022 மே மாதம். அத்தனை காலம் நான் இருப்பேனா என்பதைத் தங்கள் ரேகைக் கருவிதான் சொல்ல வேண்டும்.

பிழை செய்தவரிடம் வசூலிப்பது எங்கள் மலையடிவாரத்துக்குப் புதிதல்ல. 1992-இல் வாச்சாத்தியில் அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமைக்காக, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கொடுமையோடு என் காசை ஒப்பிட எனக்கு வாய் வராது. வசூலை எந்த மேசையிலிருந்து தொடங்குவது என்பதற்காக மட்டும் சொன்னேன்.

இனிவரும் மாதங்களுக்குச் சரியான தொகையையே போடுங்கள், ஆட்சேபமில்லை. பழையதைப் பிடிக்கும் ஆணையை ரத்து செய்து, இதுவரை பிடித்ததைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தருமுன் ஒருமுறை கூட்டிப் பாருங்கள் ஐயா, அதிலும் கூடுதலாக வந்துவிடப் போகிறது.

இப்படிக்கு,
தங்கள் பிழையின் பயனாளி