நடுக்கோட்டு மாமா

டைல்ஸை ஊறப்போட்ட சேதி எப்படித்தான் அவருக்குப் போகிறதோ, மேஸ்திரி கலவையைக் குழைத்து முடிப்பதற்குள் மாமா வந்து நிற்பார். காதிடுக்கில் பென்சில், சட்டைப் பையில் சாக்பீஸ், கையில் சொந்த டேப். வீடு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அவருக்குக் கிடையாது. விருத்தாசலத்தில் எவர் வீட்டு பாத்ரூமும் அவர் பாத்ரூம்தான்.

“தம்பி, நடுக்கோடு போட்டியா?”

தம்பி போட்டிருக்க மாட்டார். ஐந்தரை அடிச் சுவர், 12 இன்ச் டைல். ஒரு மூலையில் ஆரம்பித்தால் ஐந்து முழுசு, கடைசியில் ஒரு அரை. கதவோரம் போகிற அரையை யார் பார்க்கப்போகிறார்கள்?

மாமா பார்ப்பார். தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நட்டநடுவில் கோடு இழுப்பார். கோட்டின்மேல் டைலின் நடு வந்தால் ஐந்து முழுசும் இரண்டு ஓரத்திலும் 3 இன்ச் கீற்றும். “கீத்து வேணாம், கண்ணை உறுத்தும்.” கோட்டின்மேல் ஜாயின்ட் வந்தால் நாலு முழுசு, இரண்டு ஓரமும் 9 இன்ச். “இது லட்சணம்!” பாதி டைலுக்குக் குறைவாக ஓரத்தில் துண்டு விழக்கூடாது என்று தொழில் தெரிந்தவர்கள் எல்லோருமே சொல்வார்கள். மாமா சொல்வது சரிதான். அதுதான் தொல்லையே. தப்பாகப் பேசுகிறவரைக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

முடிந்தது என்று மேஸ்திரி கரண்டியை எடுக்கும்போது மாமா ஒரு டைலை அளப்பார். கடையில் 12-க்கு 18 என்று சொல்லி விற்பது உண்மையில் 300-க்கு 450 மில்லிமீட்டர். 12 இன்ச் என்றால் 304.8 மில்லிமீட்டர் வர வேண்டும். ஐந்து டைலுக்குக் கிட்டத்தட்ட ஒரு இன்ச் காணோம். கணக்கை அழி. ஸ்பேசருக்கு 2 மில்லிமீட்டர் சேர். மறுபடி அழி. ரசமட்டத்தை வைத்தால் பூச்சு வேலைக்காரர் செய்த புண்ணியத்தில் சுவர் மேலே கால் இன்ச் விரிந்திருக்கும். அழி, அழி. பிறகு உயரம். 7 அடிக்கு 18 இன்ச் டைல் நாலு வரி போக ஒரு அடி மிச்சம். அந்தத் துண்டு மேலேயா, கீழேயா? மத்தியானச் சாப்பாடு வந்துவிடும்.

இடையில் ஊறாத டைல் ஒன்றை எடுத்து, அதன் முதுகை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். ஒட்டிக்கொள்ளும். “குடிக்கிற மண்ணு.” சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைடு அரை சதவீதம்கூடக் குடிக்காது. அதையும் தெரியாமல் ஊறப்போடுகிறவர்களை அவர் மனுஷர்களாகவே மதிப்பதில்லை.

ஆயுசில் பாதியைச் செராமிக் பேட்டையில் ஜாடிக்கும் பொம்மைக்கும் நடுவே கழித்தவர். காயும்போது ஒரு தடவை, வேகும்போது ஒரு தடவை என்று மண் சுருங்கும். கோணலாக வெந்த ஜாடியை மறுபடி கரைத்து மண்ணாக்க முடியாது. உடைத்துக் கொட்ட வேண்டியதுதான். அப்படி எத்தனை கூடை கொட்டினாரோ, முதல் டைல் சுவரில் ஏறும்போது அவர் முகத்தில் ஒரு கலவரம் தெரியும். பார்க்கப் பாவமாக இருக்கும். நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி தயாராகிற குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நம்ம ஊரு சூளையா இருந்தா...” என்பார். வாக்கியத்தை முடிக்க மாட்டார்.

எல்லாம் சரி. மேஸ்திரிக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. சாக்பீஸ் கோட்டுக்குச் சதுர அடி கிடையாது. கூட வந்த ஆளுக்கு நாள் சம்பளம் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுப் பெண்களோ குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவர், சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கும் முன்பே வந்து ஒரு தாளில் படம் போட்டுத் தந்திருக்கலாம். குழாய் வாயெல்லாம் ஜாயின்டில் அழகாக உட்கார்ந்திருக்கும். அப்போது ஆளைக் காணோம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, மூன்றாவது வரியில், ஷவர் பைப் ஜாயின்டுக்கு இரண்டு இன்ச் தள்ளி நிற்பதை மாமா கண்டுபிடிக்கிறார்.

“தம்பி, பிளம்பர் நம்பர் வச்சிருக்கியா?”